மின்சாரம் திரும்பும்போது தடுமாறாத வீட்டு வலையமைப்பு: முகவரி ஒதுக்கீடும் சப்நெட் பிரிப்பும்

துணைமின் நிலையப் பராமரிப்புக்காகக் காலையில் நின்ற மின்சாரம் மாலையில் திரும்பும் வேளையில்தான், வீட்டில் சர்வர் வைத்திருப்பவருடைய வலையமைப்பு உண்மையில் சோதிக்கப்படுகிறது. ஃபைபர் பெட்டி, ரவுட்டர், சுவிட்ச், சர்வர், கேமராப் பதிவுப் பெட்டி, தொலைக்காட்சி ஆகிய அனைத்தும் ஒரே நேரத்தில் இயங்கத் தொடங்குகின்றன; ஆனால் ஒவ்வொன்றும் தயாராவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு. எந்தக் கருவிக்கு எந்த முகவரி (வலையில் அதை அடையாளம் காட்டும் ஐபி எண்), அதை யார் தருவது என்பவை முன்கூட்டியே முடிவாகியிராவிட்டால், காலையில் ஒரு முகவரியில் கிடைத்த சர்வர் மாலையில் வேறொரு முகவரிக்குப் போயிருக்கும். பிரிண்டர் காணாமல் போயிருக்கும். கேமராவைக் கைப்பேசியில் பார்க்க முடியாது. பின்வரும் ஒவ்வொரு முடிவும் அந்த மாலை நேரத்தை மனத்தில் வைத்தே எடுக்கப்பட்டது.

எடுத்துக்காட்டாக மதுரைத் திருப்பாலையில் உள்ள ஒரு வீட்டைக் கொள்வோம். உள்ளே குடும்பம் வாழ்கிறது. முன்னறையில் சுங்குடிச் சேலைகளை இணையவழி விற்கும் சிறு கடை நடக்கிறது. வாசலிலும் கொல்லையிலும் கேமராக்கள் உள்ளன. மாடிப்படிக்கு அடியில் படங்களையும் கடைக் கணக்குகளையும் சேமிக்கும் ஒரு லினக்ஸ் சர்வர் இருக்கிறது. சித்திரைத் திருவிழாவுக்கு உறவினர்கள் வந்து தங்குவார்கள். இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டிக்குப் பின்னால், ஓப்பன்டபிள்யுஆர்டி என்ற திறந்தமூல ரவுட்டர் இயங்குதளத்தை நிறுவிய ஒரு ரவுட்டரை நாம் வைக்கிறோம். வேறு ரவுட்டரானாலும் பட்டியல்களின் பெயர்கள்தாம் மாறும், முறை மாறாது.

முகவரித் திட்டம்

ரவுட்டரைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் திட்டம் எழுத வேண்டும். தனிவலைகளுக்கென்று 1996இல் வெளியான ஆர்எஃப்சி 1918 ஆவணம் மூன்று முகவரித் தொகுதிகளை ஒதுக்கியிருக்கிறது: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. இவற்றுள் 192.168.0 என்றும் 192.168.1 என்றும் தொடங்கும் வலைகளைத் தவிர்ப்பது நல்லது. விற்பனைக்கு வரும் ரவுட்டர்களும் ஃபைபர் பெட்டிகளும் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றையே கொண்டு வருகின்றன. எனவே உங்கள் வீடும், நீங்கள் வெளியூரில் தங்கியிருக்கும் விடுதியும் ஒரே எண்ணைப் பயன்படுத்தினால், விபிஎன் என்னும் பாதுகாப்பான தனிவழியில் வீட்டு சர்வரை அழைக்கும்போது உங்கள் மடிக்கணினி அந்த முகவரியை விடுதிக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். 172 என்று தொடங்கும் தொகுதியிலும் ஒரு தொல்லை உண்டு: சர்வரில் டாக்கர் (செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளாக இயக்கும் மென்பொருள்) நிறுவினால், அது தன் உள்வலைக்கு இயல்பாக 172.17.0.0/16ஐ எடுத்துக்கொள்கிறது.

ஆகவே 10 என்று தொடங்கும் தொகுதியை எடுத்து, இரண்டாம் எண்ணாக எளிதில் மறக்காத, பிறர் அதிகம் பயன்படுத்தாத ஓர் எண்ணை வைக்கலாம். மதுரை தெற்கு வட்டார வாகனப் பதிவெண்ணான 58ஐ இங்கே எடுத்துக்கொள்கிறேன். 59 என்றாலும் 64 என்றாலும் மதுரைக்காரருக்கு மறக்காது. மூன்றாம் எண் பிரிவைக் குறிக்கும். சர்வருக்கும் வலைக் கருவிகளுக்கும் 10.58.5.0/24, வீட்டுக்கு 10.58.10.0/24, கடைக்கு 10.58.20.0/24, கேமராக்களுக்கு 10.58.30.0/24, விருந்தினருக்கு 10.58.40.0/24. இந்த மூன்றாம் எண்ணையே பின்னர் விலேன் (ஒரே சுவிட்சைப் பல தனி வலைகளாகப் பிரிக்கும் ஏற்பாடு) எண்ணாகவும் வைத்துக்கொண்டால், எந்த முகவரியைப் பார்த்தாலும் அது எந்தப் பிரிவு என்பது உடனே விளங்கும்.

சாய்கோட்டுக்குப் பின்னுள்ள 24 என்பது, 32 பிட் கொண்ட முகவரியில் முதல் 24 பிட்டுகள் வலையைக் குறிக்கின்றன, எஞ்சிய 8 பிட்டுகள் கருவியைக் குறிக்கின்றன என்று பொருள்படும். மேல மாசி வீதியிலும் கீழ மாசி வீதியிலும் 12ஆம் கதவு எண் இருக்கலாம். வீதியின் பெயர் வேறாக இருப்பதால் தபால் மாறிப் போவதில்லை. அதுபோலவே 10.58.10.12 வேறு, 10.58.20.12 வேறு. எட்டு பிட்டுகளில் 256 எண்கள் கிடைக்கும். முதல் எண் வலையையும் கடைசி எண் அனைவருக்குமான ஒலிபரப்பு முகவரியையும் குறிப்பதால், கருவிகளுக்கு 254 எஞ்சும். இப்படிப் பிரித்த ஒவ்வொரு வலையும் ஒரு சப்நெட். எத்தனை பிட்டுகள் வலைக்குரியவை என்று காட்டும் இதன் சப்நெட் மாஸ்க் 255.255.255.0.

நான்கு கேமராக்களுக்கு 254 முகவரிகள் வீண் என்று கருதி /26, /28 என்று நறுக்குபவர்கள் உண்டு. /26 என்றால் மாஸ்க் 255.255.255.192, கருவிகளுக்கு 62 முகவரிகள், 10.58.30.64/26 என்ற வலையில் 65 முதல் 126 வரை பயன்படும், 127 ஒலிபரப்புக்குப் போகும். கணக்கு சரிதான், ஆனால் வீட்டில் அதற்குத் தேவையே இல்லை. தனிமுகவரிக்கு யாரும் காசு கேட்பதில்லை. சிக்கனம் பிடித்தால் கிடைப்பது குழப்பம் மட்டுமே. ஒரு கருவியில் மட்டும் மாஸ்க் தவறாக /24 என்று பதிந்துவிட்டால், அது அடுத்த வலையில் உள்ள கருவியையும் தன் பக்கத்து வீடு என்று எண்ணி, ரவுட்டரிடம் போகாமல் நேரடியாகக் கூப்பிட்டுப் பார்த்து, பதில் கிடைக்காமல் நின்றுவிடும். எல்லாப் பிரிவுக்கும் /24 என்று ஒரே அளவை வைத்தால் இந்தத் தவறு நேர வழியில்லை.

ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் எண்களை ஒரே ஒழுங்கில் பிரிக்க வேண்டும். 1 எப்போதும் ரவுட்டர். 2 முதல் 19 வரை சுவிட்ச், வைஃபை அணுகல் பெட்டி, சர்வர் போன்று கருவியிலேயே முகவரியை எழுதி வைப்பவை. 20 முதல் 99 வரை ரவுட்டரில் பெயர் சொல்லி ஒதுக்கப்படுபவை. 100 முதல் 199 வரை, கேட்டு வருபவர்க்கெல்லாம் கொடுக்கும் பொதுத் தொகுப்பு. 200க்கு மேற்பட்டவை பின்னாளைக்கு.

முகவரி தருபவர் யார்

கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் டிஹெச்சிபி என்ற நெறிமுறை நான்கு செய்திகளில் முடிகிறது. புதிதாக வலையில் சேரும் கருவி, முகவரி தருபவர் எவரேனும் உண்டா என்று எல்லோரையும் நோக்கிக் கேட்கிறது. டிஹெச்சிபி சேவை ஒரு முகவரியை முன்வைக்கிறது. கருவி அதையே கோருகிறது. சேவை உறுதி செய்கிறது. முகவரியோடு மாஸ்க், கேட்வே (வெளியே போகும் வழியான ரவுட்டரின் முகவரி), டிஎன்எஸ் (வலைத்தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) ஆகியவையும், அந்த முகவரி எவ்வளவு நேரம் செல்லும் என்ற லீஸ் காலமும் சேர்ந்து வருகின்றன. முதல் கேள்வி ஒலிபரப்பாகச் செல்வதால் அது ரவுட்டரைத் தாண்டாது. எனவே ஐந்து பிரிவுகள் இருந்தால் ஐந்திலும் ரவுட்டர் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

சர்வரில் நினைவகமும் வேகமும் மிகுதியாக இருப்பதால் டிஹெச்சிபி சேவையையும் அதிலேயே வைக்கலாமே என்று தோன்றும். மின்தடை மிகுந்த ஊரில் அது சரியான முடிவன்று. திடீரென்று நின்றுபோன சர்வர் மீண்டும் எழும்போது வட்டுகளைச் சரிபார்க்க நேரம் எடுத்துக்கொள்ளலாம். சில வேளை திரையில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்தே நிற்கும். அதுவரை வீட்டில் எந்தக் கைப்பேசிக்கும் முகவரி கிடைக்காது. முகவரி கிடைக்காத விண்டோஸ் கணினி 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தானே சூட்டிக்கொள்ளும். அதைக் கண்டால் டிஹெச்சிபி பதில் சொல்லவில்லை என்று உடனே முடிவு செய்யலாம். ரவுட்டரோ வட்டு இல்லாத கருவி; விரைவில் எழுந்துவிடும். ஆகவே முகவரி தரும் பொறுப்பு ரவுட்டருக்கே இருக்கட்டும்.

விளம்பரங்களை வடிகட்டும் பை-ஹோல் போன்ற டிஎன்எஸ் சேவையைச் சர்வரில் நடத்துவோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சர்வரை முதல் டிஎன்எஸ் ஆகவும் வெளியே உள்ள ஒன்றை இரண்டாவதாகவும் கொடுத்தால், முதலாவது விழும்போது மட்டும் இரண்டாவது உதவிக்கு வரும் என்று பலரும் நம்புகிறார்கள். கருவிகள் அந்த வரிசையை மதிக்கும் என்பதற்கு உறுதியில்லை. சில கருவிகள் இரண்டையும் விருப்பப்படி கேட்கும், அதனால் வடிகட்டல் அரைகுறையாகவே நடக்கும். வீட்டார் எல்லோருக்கும் ரவுட்டரையே டிஎன்எஸ் ஆகக் கொடுத்துவிட்டு, வடிகட்டல் வேண்டிய ஓரிரு கருவிகளுக்கு மட்டும் சர்வரைக் காட்டுவது அமைதியான வழி.

ரவுட்டரில் செய்ய வேண்டியவை

முதலில் ஃபைபர் பெட்டியின் லேன் (உள்வலை) துளையிலிருந்து வரும் கம்பியை உங்கள் ரவுட்டரின் வேன் (வெளி இணைப்பு) துளையில் செருக வேண்டும். லேன் துளையில் செருகினால் ஒரே வலையில் இரண்டு டிஹெச்சிபி சேவைகள் ஆகிவிடும். யார் முதலில் பதில் சொல்கிறாரோ அவருடைய முகவரியே கருவிக்குப் போகும். மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று பழைய ரவுட்டர் ஒன்றை எடுத்து மேலே மாட்டுகிற வீடுகளில் இந்தக் கோளாறு மிகப் பரவலாகக் காணப்படுகிறது. அந்தப் பழைய ரவுட்டரில் டிஹெச்சிபியை அணைத்து, அதற்கு 10.58.10.3 என்ற முகவரியைக் கொடுத்து, லேன் துளையிலிருந்து லேன் துளைக்குக் கம்பி இழுத்தால் அது வெறும் வைஃபை பெட்டியாக ஒழுங்காக வேலை செய்யும். ஒரே அறையில் இருக்கும் இரண்டு கைப்பேசிகள் வெவ்வேறு கேட்வே முகவரிகளைக் காட்டினால், இரண்டாவது டிஹெச்சிபி எங்கோ இயங்குகிறது என்று பொருள்.

ரவுட்டரின் லேன் முகவரியை 10.58.10.1 என்று மாற்றும் நொடியில் உங்கள் மடிக்கணினிக்கும் ரவுட்டருக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகும். இது எதிர்பார்க்க வேண்டியதே. கம்பியைக் கழற்றி மாட்டிப் புதிய முகவரி பெற்று, புதிய முகவரியிலேயே அமைப்புப் பக்கத்தைத் திறக்க வேண்டும். ஓப்பன்டபிள்யுஆர்டி சற்று நேரம் காத்திருந்து, நீங்கள் திரும்பி வரவில்லை என்றால் பழைய அமைப்புக்கே போய்விடும். வெளியே மாட்டிக்கொள்ளாமலிருக்க அமைந்த ஏற்பாடு அது. இந்த வேலையை வைஃபை வழியாகச் செய்யாமல் கம்பி வழியாகச் செய்வது நல்லது.

பிறகு லேன் இன்டர்ஃபேஸின் (ரவுட்டரில் உள்வலைக்கான இணைப்பு) டிஹெச்சிபி பகுதியில் ஸ்டார்ட் 100, லிமிட் 100 என்று எழுத வேண்டும். லிமிட் என்பது கடைசி எண்ணைக் குறிப்பதில்லை. எத்தனை முகவரிகள் என்ற எண்ணிக்கையையே அது குறிக்கிறது. 199 என்று எழுதினால், பின்னாளைக்கென்று விட்டுவைத்த 200க்கு மேற்பட்ட எண்களையும் பொதுத் தொகுப்பு விழுங்கிவிடும்.

லீஸ் காலத்தை வீட்டுக்கு 24 மணி நேரம் என்றும், விருந்தினர் பிரிவுக்கு 2 மணி நேரம் என்றும் வைக்கலாம். கருவிகள் லீஸ் முடியும்வரை காத்திருப்பதில்லை. பாதி நேரம் கழிந்ததும் புதுப்பிக்கக் கேட்கின்றன, பதில் வராவிட்டால் எட்டில் ஏழு பங்கு கழிந்ததும் வலையில் உள்ள எந்தச் சேவையையும் கேட்கின்றன. எனவே 24 மணி நேர லீஸ் பெற்ற கைப்பேசி, ரவுட்டர் சிறிது நேரம் நின்றாலும் தன் முகவரியை இழப்பதில்லை. திருவிழாக் கூட்டத்தில் வந்து போகிறவர்களின் கைப்பேசிகள் அன்றைக்கே போய்விடுவதால், அவர்களுக்கு நீண்ட லீஸ் கொடுத்து எண்களை முடக்கி வைப்பதில் பொருளில்லை.

இங்கே மின்தடையோடு நேரடியாகத் தொடர்புடைய ஒன்று உண்டு. ஓப்பன்டபிள்யுஆர்டி தான் கொடுத்த லீஸ்களின் பட்டியலை நினைவகத்தில் வைத்திருப்பதால், மின்சாரம் போனால் அந்தப் பட்டியலும் போய்விடும். திரும்பி எழுந்த ரவுட்டரிடம் ஒரு கைப்பேசி தன் பழைய முகவரியைக் கோரும்போது, ரவுட்டருக்கு அது நினைவில் இராது. அத்தாரிட்டேட்டிவ் என்ற தேர்வு இயங்கினால், ரவுட்டர் தயங்காமல் பதில் சொல்லி, பட்டியலை மீண்டும் கட்டிக்கொள்ளும். இது இயல்பாகவே இயங்கும் தேர்வு. யாரோ சொன்னார்கள் என்று அதை அணைத்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நிலையான முகவரி வேண்டிய கருவிகளுக்கு ஸ்டாட்டிக் லீஸ் என்ற பட்டியலில் மேக் முகவரி (கருவியின் வலை இணைப்புக்குரிய அடையாள எண்), பெயர், ஐபி முகவரி ஆகியவற்றைப் பதிய வேண்டும். கடைப் பிரிண்டருக்கு 10.58.20.20, கேமராப் பதிவுப் பெட்டிக்கு 10.58.30.20 என்பது போல. இந்த எண்கள் பொதுத் தொகுப்புக்கு வெளியே, ஆனால் அதே சப்நெட்டுக்குள் இருக்கலாம். சில மலிவான ரவுட்டர்கள் மட்டும் தொகுப்புக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும். கம்பிக்கும் வைஃபைக்கும் மேக் முகவரி வேறு வேறு என்பதை மறக்கக் கூடாது. ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐஓஎஸ் 14 முதலும் கைப்பேசிகள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு கற்பனை மேக் முகவரியைக் காட்டுவதால், பெட்டியில் அச்சிட்ட மேக் முகவரியைப் பதிந்தால் பலிக்காது. அந்தக் கைப்பேசியில் வீட்டு வைஃபைக்கு மட்டும் கருவியின் உண்மையான மேக் முகவரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கருவியில் எழுதுவதா, ரவுட்டரில் பதிவதா என்ற கேள்வியில் என் சார்பு ரவுட்டரின் பக்கமே. எல்லா முகவரிகளும் ஒரே பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும். சுவிட்ச் போன்ற வலைக் கருவிகளைத் தவிர்த்தால் சர்வர் மட்டும் விதிவிலக்கு. அதில் 10.58.5.10 என்று கருவியிலேயே எழுதிவைக்க வேண்டும், ஏனெனில் குறிப்பிட்ட முகவரியில் காத்திருக்கும்படி அமைக்கப்பட்ட சேவைகள், முகவரி வந்து சேர்வதற்கு முன்பே எழுந்துவிட்டால் தோற்றுப்போய் நின்றுவிடும். அதே எண்ணை ரவுட்டரின் பட்டியலிலும் பதிந்துவைத்தால், நாளை இயங்குதளத்தைப் புதிதாக நிறுவும்போதும் அது பழைய இடத்திலேயே வந்து நிற்கும்.

பிரிவுகளைச் சுவரிட்டுப் பிரித்தல்

ஒரே சுவிட்சில் எல்லாவற்றையும் செருகிவிட்டு முகவரிகளை மட்டும் வேறாக்கினால் பாதுகாப்பு எதுவும் கிடைக்காது. விருந்தினர் ஒருவர் தன் மடிக்கணினியில் 10.58.20 என்று தொடங்கும் முகவரியைத் தானே எழுதிக்கொண்டால் கடைக் கணினியின் முன் நின்றுவிடலாம். பிரிவை உண்மையாக்குவது விலேன். டவுன் ஹால் ரோட்டுக் கடையில் சுவிட்ச் வாங்கும்போது எட்டு போர்ட் என்று மட்டும் கேட்டால் விலேன் அறியாத பெட்டியே கைக்கு வரக்கூடும். ‘மேனேஜ்டு’ அல்லது ‘ஸ்மார்ட்’ சுவிட்ச் என்று கேட்டு, 802.1க்யூ என்ற விலேன் தரநிலைக் குறிப்பு அட்டையில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

ரவுட்டருக்கும் சுவிட்சுக்கும் இடையிலான கம்பியில் 5, 10, 20, 30, 40 ஆகிய எல்லா விலேன்களும் ‘டேக்டு’ ஆக (விலேன் எண்ணைச் சுமந்து) செல்ல வேண்டும். கேமரா செருகும் துளை 30இல் மட்டும் ‘அன்டேக்டு’ ஆக (எண் இல்லாமல்) இருக்க வேண்டும். கடைக் கணினியின் துளை 20இல் அவ்வாறே. பல சுவிட்சுகளில், துளைக்குள் எண்ணின்றி வரும் செய்தியை எந்த விலேனில் சேர்ப்பது என்று காட்டும் பிவிஐடி என்ற எண்ணையும் தனியே மாற்ற வேண்டும். அது 1 என்றே இருந்துவிட்டால், கருவி அனுப்பும் செய்தி ஒரு விலேனில் போக, பதில் வேறொன்றில் தேங்கி நிற்கும், முகவரி வரவே வராது. ரவுட்டரில் ஒவ்வொரு விலேனுக்கும் ஓர் இன்டர்ஃபேஸ், அதற்குரிய முதல் முகவரி, அதற்குரிய டிஹெச்சிபி தொகுப்பு என்று அமைக்க வேண்டும்.

எந்தப் பிரிவு எங்கே போகலாம் என்று கட்டுப்படுத்தும் ஃபயர்வாலில் விருந்தினருக்கு இணையம் மட்டும் திறந்திருக்கட்டும். ரவுட்டரின் உட்புகு வழியை மூடும்போது, டிஹெச்சிபிக்கான யுடிபி 67ஆம் துறையையும் (போர்ட் எண்) டிஎன்எஸ்ஸுக்கான 53ஆம் துறையையும் திறந்துவிட வேண்டும். இவற்றை மறந்தால் வைஃபையில் இணைய முடியும், ஆனால் முகவரி கிடைக்காது. கேமராப் பிரிவுக்கு இணையமே வேண்டியதில்லை. வீட்டிலிருந்து கேமராவுக்குப் போகலாம், கேமராவிலிருந்து வீட்டுக்கு வர முடியாது என்பதே விதி. இணையத்தை மூடினால் பதிவுப் பெட்டியின் கடிகாரம் நாளடைவில் விலகிப் போகும் என்பதால், ரவுட்டரிலேயே என்டிபி என்ற நேரச் சேவையை இயக்கி, அந்தப் பிரிவிலிருந்து யுடிபி 123ஆம் துறையை அனுமதித்து, பதிவுப் பெட்டியில் நேரச் சேவையாக 10.58.30.1ஐ எழுத வேண்டும். நேரம் தவறிய கேமராப் பதிவு எந்த விசாரணைக்கும் உதவாது.

பிரிப்பதற்கும் ஓர் அளவு உண்டு. பிரிண்டரையும் தொலைக்காட்சியையும் கைப்பேசிகள் கண்டுபிடிக்கப் பயன்படும் எம்டிஎன்எஸ் அறிவிப்பு, ஒரு சப்நெட்டைத் தாண்டிச் செல்லாது. தொலைக்காட்சியைத் தனிப் பிரிவில் அடைத்துவிட்டு, கைப்பேசியிலிருந்து படம் அனுப்ப முடியவில்லையே என்று வருந்துவதைவிட, அதை வீட்டுப் பிரிவிலேயே விட்டுவிடுவது மேல்.

வெளியிலிருந்து சர்வரை அடைய விரும்புவோர், ஃபைபர் பெட்டி பெற்றிருக்கும் வேன் முகவரியை முதலில் பார்க்க வேண்டும். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொதுமுகவரிக்குப் பின் நிறுத்தியிருக்கிறது. அங்கே போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் அழைப்பைச் சர்வருக்குத் திருப்பிவிடுதல்) எவ்வளவு செய்தாலும் பயனில்லை. டெயில்ஸ்கேல் போன்று உள்ளிருந்து வெளியே இணைப்பை ஏற்படுத்தும் முறைகளே வழி. ஐபிவி6 (புதிய, நீண்ட முகவரி முறை) வரும் இணைப்பானால், இதே ஃபயர்வால் விதிகள் அதற்கும் பொருந்துகின்றனவா என்று தனியே பார்க்க வேண்டும். அங்கே ஒவ்வொரு கருவிக்கும் பொதுமுகவரி கிடைப்பதால் பல கருவிகளை ஒரே பொதுமுகவரிக்குப் பின் நிறுத்தும் நாட் என்ற திரை இல்லை. மேலிருந்து ஒரே ஒரு /64 மட்டும் வந்தால், அதை வீட்டுப் பிரிவுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, மற்றப் பிரிவுகளை ஐபிவி4இலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

சோதனை

ஒவ்வொரு பிரிவிலும் ஒரு கருவியை இணைத்து, முகவரி, மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் ஆகிய நான்கும் திட்டத்தோடு பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். அடுத்து கேட்வேக்கு ஒரு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி), சர்வருக்கு ஒரு பிங், வெளியே கூகுளின் டிஎன்எஸ் முகவரியான 8.8.8.8க்கு ஒரு பிங், இறுதியாக ஒரு வலைத்தளத்தின் பெயர் என்ற வரிசையில் சோதித்தால், எந்தப் படியில் தடை என்பது தானே தெரியும். 8.8.8.8 பதில் சொல்லி, பெயர் மட்டும் திறக்கவில்லை என்றால் குறை டிஎன்எஸ்ஸில் இருக்கிறது. விருந்தினர் வைஃபையில் இருந்துகொண்டு 10.58.5.10ஐத் திறந்து பார்ப்பதும் கட்டாயம். அங்கே தோல்வியே வெற்றி.

எல்லாம் சரியானதும் சர்வரை முறையாக நிறுத்திவிட்டு, வீட்டின் முதன்மை எம்சிபியை இறக்கி, சில நிமிடங்கள் கழித்து ஏற்ற வேண்டும். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில், வலைக் கருவிகள் அதன் இணைப்பில் இருந்தால் அதையும் சேர்த்து அணைத்தால்தான் உண்மையான சோதனை நடக்கும். சர்வர் 10.58.5.10இல் வந்ததா, பதிவுப் பெட்டி நேரம் தவறாமல் இருக்கிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று பார்த்த பிறகு, ரவுட்டரின் அமைப்பை ஒரு கோப்பாக இறக்கிச் சர்வருக்கு வெளியே, ஒரு பென்டிரைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்வெர்ட்டருக்கு மாறும் கணநேர இடைவெளியில் சில ரவுட்டர்கள் அணைந்து எரியும். உங்களுடையதும் அவ்வாறு செய்தால், ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் ஒரு சிறிய 12 வோல்ட் டிசி யுபிஎஸ் போதும். வாங்குவதற்கு முன் இரண்டின் அடாப்டர்களிலும் அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்து, ஆம்பியர்களைக் கூட்டி, அதற்குக் குறையாத திறனுள்ளதை எடுக்க வேண்டும்.